பெட்டியில் மிஞ்சிய மரம்

லாரியைக் கூட்டிக்கொண்டு வந்தது பெற்ற மகன்தான். அதைத்தான் குவெய்லானால் பொறுக்க முடியவில்லை.

யாரோ ஓர் அதிகாரி வந்து அப்பா தனக்கென்று முன்கூட்டியே செய்துவைத்திருந்த சவப்பெட்டியை, ஆயுள் பெட்டியை, தூக்கிப் போயிருந்தால், ஊர் முழுக்க நடந்த அநியாயத்தில் இதுவும் ஒன்று என்று மனதைத் தேற்றிக்கொண்டிருப்பாள். ஆனால் அவள் தம்பி யோங்தாவ் வட்டார அலுவலகத்தில் எழுத்தர். இனி இந்த மாவட்டத்தில் யாரையும் புதைக்கக் கூடாது, எல்லோரையும் எரிக்க வேண்டும், வீட்டில் சவப்பெட்டி வைத்திருந்தால் குற்றம் என்று உத்தரவு வந்தபோது, அரசு வேலையில் இருப்பவர்களின் வீட்டுப் பெட்டிகள் முதலில் வரவேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். யோங்தாவ் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடவில்லை. வட்டாரத்திலேயே முதல் பெட்டி அப்பா லாய் பின்ஷெங்கின் பெட்டி. பள்ளிக்கூட மைதானத்தில் அதன்மேல் மண்வாரி எந்திரம் ஏறியபோது ஒலிபெருக்கியில் பாட்டு போட்டார்களாம்.

குவெய்லான் தெற்கே, குவாங்தோங் மாகாணத்தில், ஊர் முழுக்க விளக்கு செய்யும் நகரம் ஒன்றில் தொழிற்சாலை விடுதியில் இருந்தாள். ஊர்ப் பெண் ஒருத்தி அனுப்பிய காணொளியைக் கைபேசியில் பார்த்தாள். அப்பா ஓரமாக நின்றிருந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வேறு யாருடைய பெட்டியோ உடைவதை வேடிக்கை பார்ப்பவரைப் போல.

அப்பாவின் ஐம்பது வயது விருந்தையொட்டிச் செய்த பெட்டி அது. வீட்டுக்குப் பின்னால் மலையில் நின்ற ஊசியிலை மரங்களை வெட்டி, அவருக்கும் அம்மாவுக்கும் ஒரே மரத்தில் இரண்டு பெட்டிகள். ஒவ்வொரு கோடையிலும் வெயிலில் இழுத்துப்போட்டு, மரம் உளுத்துப்போகாமல் இருக்கத் துங் எண்ணெய் பூசுவார். மழைக்காலத்தில் அதற்குள்தான் நெல் கொட்டி வைப்பார்கள். குவெய்லானும் யோங்தாவும் ஒளிந்து விளையாடியதும் அதற்குள்தான். அம்மா தன் பெட்டியோடு மலைமேல் போய்ச் சேர்ந்துவிட்டாள். அது உத்தரவுக்கு முன்னால். அப்பாவின் பெட்டிதான் காத்திருந்து காத்திருந்து மாட்டிக்கொண்டது.

கூட்டம் கலைந்த பிறகு அப்பா ஒற்றைச் சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு மைதானத்துக்குப் போனார். உடைந்த பலகைகளில் தூக்க முடிந்தவற்றைப் பொறுக்கி, மேலே சர்க்கரைவள்ளிக் கொடியைப் போட்டு மூடி, வீட்டுக்குக் கொண்டு வந்தார். அதற்குப் பிறகுதான் வயிற்றில் வலி என்றார். மருத்துவமனையில் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடித் தைத்து அனுப்பிவிட்டார்கள். குவெய்லான் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்தபோது அப்பா கட்டிலில் ஒரு பக்கமாக ஒடுங்கிக் கிடந்தார். மரம் கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் சாக்குப் போட்டு மூடிக் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை யோங்தாவ் வந்தான். பழம் வாங்கி வந்திருந்தான். அப்பாவால் கஞ்சியே இறங்காது என்று தெரிந்தும் பழம்.

"இங்க வா, ரெண்டு பேரும் உக்காருங்க" என்றார் அப்பா. "அந்த மரத்துல எனக்குச் சின்னதா ஒரு பெட்டி செஞ்சு குடுங்க. சாம்பலுக்கு."

யோங்தாவ் தொண்டையைச் செருமினான். "சாம்பல் பெட்டி அரசாங்கமே குடுக்குதுப்பா. கல்லுல, நல்லா இருக்கும். சாம்பல் வைக்கற கூடத்துல மாடமெல்லாம் அதோட அளவுக்குத்தான் கட்டியிருக்காங்க. வேற எதுவும் உள்ள போகாது."

"போகாதுன்னா?"

"போகாதுப்பா. அளவு அப்படி."

"எல்லா மனுசனுக்கும் ஒரே அளவு" என்றார் அப்பா. சிரிக்கப் போய் இருமினார். குவெய்லான் முதுகைத் தடவிக் கொடுத்தாள். இருமல் நின்றதும் கூரையைப் பார்த்தபடி சொன்னார்: "அப்ப விளக்கு செய்."

"என்ன விளக்கு?"

"செத்தவன் கால்மாட்டுல ஏத்தி வைப்பாங்களே, அது. கிண்ணத்துல எண்ணெய ஊத்தி வைக்கறதுக்குப் பதிலா என் மரத்துல ஒண்ணு. நான் கெடக்கற வரைக்கும் என் காலடியில நிக்கட்டும். அப்புறம் என்னை நெருப்புல தள்ளும்போது அதையும் கூடவே தள்ளிடு. உங்கம்மா அந்த மரத்துலதான் படுத்திருக்கா. எனக்கு ஒரு துண்டாவது வேணும். விளக்க எவன் புடுங்குவான்?" பிறகு மகளைப் பார்த்தார். "வெளக்குக் கம்பெனிக்காரி வீட்டுலயே இருக்கா."

குவெய்லான் பத்து வருடங்களுக்கு மேலாக விளக்குத் தொழிற்சாலையில் இருந்தாள். ஆனால் முழு விளக்கு ஒன்றைக்கூட அவள் செய்ததில்லை. பல்பு மாட்டும் குழியை வைத்து, இரண்டு திருகாணியை முடுக்கி, அடுத்தவள் பக்கம் தள்ளிவிடுவாள். அவ்வளவுதான் அவள் வேலை. அதைச் சொல்ல வாய் வரவில்லை. "செஞ்சுடறேன்பா" என்றாள்.

வாசலில் வைத்து யோங்தாவ் அவள் கையைப் பிடித்தான். "அக்கா, எந்தப் பலகைய வேணா எடுத்துக்க. கட்டிலுக்கு அடியில அப்பா பெட்டியோட தலைப்பலகைய வச்சிருக்காரு பாரு, அத மட்டும் தொடாத."

"ஏன்?"

"மத்ததெல்லாம் வெறும் மரம். கேட்டா பழைய பரண்ல கழட்டுனதுன்னு சொல்லிடுவேன். அதுல சிவப்பு அரக்கு மேல பொன்னுல 'ஆயுள்'னு எழுத்து இருக்கு. எந்தப் பரண்ல அப்படி எழுதி வைப்பாங்க? உடைச்ச பெட்டிய ஒளிச்சு வச்சோம்னு ஆயிடும். மொதல்ல பெட்டிய குடுத்தவன் வீட்டுலயே."

"அவ்வளவு பயமாடா உனக்கு?"

"எனக்குக் குழந்தை இருக்குக்கா."

"அப்பாவுக்கும் ஒரு குழந்தை இருந்துச்சு. அதுதான் லாரி பிடிச்சுட்டு வந்துச்சு."

பழப்பையை வாசற்படியிலேயே வைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் காலை குவெய்லான் சாக்கை விலக்கினாள். வெளிப்புறம் கருப்பு அரக்கு, உள்புறம் எலும்பு நிறம். எந்திரம் ஏறிய இடத்தில் மரம் நார் நாராகக் கிழிந்திருந்தது. நீளமாகப் பிளவு ஓடாத துண்டு தேடித் தேடி எடுக்க வேண்டியிருந்தது. ரம்பமும் இழைப்புளியும் பக்கத்து வீட்டு ஃபூதியன் சித்தப்பாவிடம் வாங்கினாள். கருவியைக் கொடுத்ததோடு போகாமல் அவரும் வந்து முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். வேலை செய்ய அல்ல, வேடிக்கை பார்க்க.

"ரம்பத்த அப்படிப் புடிச்சா விரலுதான் வெளக்காகும்" என்றார்.

"வாயில புகையிலை இருக்குல்ல, அத மெல்லுங்க சித்தப்பா."

"உங்கப்பனுக்குச் சாமர்த்தியம் பத்தல. என்னப் பாரு. என் பெட்டி எங்க இருக்குன்னு என் பொண்டாட்டிக்கே தெரியாது. தெரிஞ்சா அவ மொதல்ல ஏறிப் படுத்துக்குவா."

"பன்னித் தொழுவத்துல வைக்கோலுக்கு அடியிலதான? ஊருக்கே தெரியும்."

கிழவர் எழுந்தே நின்றுவிட்டார். "மெதுவாப் பேசுடி! உன் தம்பி காதுல விழுந்தா லாரி வந்துடும்."

அவள் சிரித்தாள். ஊருக்கு வந்து அன்றுதான் முதல்முறையாகச் சிரித்தாள். உள்ளே அப்பா முனகும் சத்தம் கேட்டதும் அதுவும் நின்றது.

முழங்கால் உயரத்துக்கு நான்கு கால்கள், தடித்த அடிப்பலகை, மேலே ஒரு சட்டம், சுற்றி மூங்கில் தாள். கால்களை அடிப்பலகையில் குழி தோண்டிச் செருகிப் பசை வைத்தாள். நடுவில், பழைய மேசை விளக்கில் கழற்றிய பல்புக் குழியைத் திருகினாள். அந்த ஓர் இடத்தில் மட்டும் அவள் கை தானாக ஓடியது. மற்ற இடமெல்லாம் கோணல். ஒரு பக்கக் கருப்பு அரக்கை உரிக்காமல் அப்படியே விட்டாள். அப்பாவுக்கு அடையாளம் தெரிய வேண்டுமே.

அதற்கடுத்த நாள் மத்தியானம் கஞ்சிக்குப் பிறகு விளக்கைக் கொண்டுபோய்க் கட்டிலின் கால்மாட்டில் வைத்து சுவிட்சைப் போட்டாள். ஜன்னலைச் சாத்தியிருந்ததால் தாள் மஞ்சளாகத் தெரிந்தது. அப்பா தலையணையில் சாய்ந்தபடி பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"எரியலையே" என்றார். "வெளிச்சம் மட்டும் வருது."

"அது பல்புப்பா."

"சரி, இருக்கட்டும்." பிறகு கையைத் தூக்கி ஒரு காலைக் காட்டினார். "அது தலைகீழா நிக்குது."

"எது?"

"அந்த எடக்கைப் பக்கம். கணுவப் பாரு. கீழ பாத்துக்கிட்டு இருக்கு. கிளை எங்கயாவது பூமியப் பாத்து வளருமா? நுனி கீழ, வேரு மேல. தலைகீழா நட்டுட்ட."

குவெய்லான் குனிந்து பார்த்தாள். மற்ற மூன்று கால்களிலும் கணுக்கள் மேல்நோக்கிச் சாய்ந்திருந்தன. அந்த ஒன்றில் மட்டும் கீழ்நோக்கி. தொழிற்சாலையில் குழாய்க்கு மேல் கீழ் கிடையாது. எந்த முனையை எடுத்தாலும் ஒன்றுதான். இங்கே, வீட்டுத் தூணானாலும் சாமி மேசைக் காலானாலும் மரம் நின்றபடியே நிற்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே தெரியும். தெரிந்தே மறந்திருந்தாள்.

"பசை காஞ்சு போச்சுப்பா" என்றாள். எரிச்சலாகத்தான் சொன்னாள். இரண்டு நாளாக விரலெல்லாம் கொப்புளம். "ஒரு காலுதான."

"ஒரு காலுதான்" என்று ஒத்துக்கொண்டார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அந்தப் பக்கமிருந்தே சொன்னார்: "பெட்டியும் போச்சு. மண்ணும் போச்சு. தலைகீழாவும் போகணுமா நான்?"

அவள் விளக்கைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். தலைகீழாக நின்ற காலை அறுத்து எடுத்தாள். அது பிளந்துபோனது. சாக்குக்கு அடியில் மிச்சமிருந்த துண்டுகளைப் புரட்டினாள். முழங்கால் நீளத்துக்குப் பிளவில்லாமல் ஒன்றுகூட இல்லை. ஃபூதியன் சித்தப்பா அவரிடமிருந்த வேறு மரத்தைத் தருகிறேன் என்றார். அதைக் கேட்டு அவள் முறைத்த முறைப்பில் அவர் வாயை மூடிக்கொண்டார்.

கட்டிலுக்கு அடியிலிருந்து தலைப்பலகையை இழுத்தபோது அப்பா கண்ணைத் திறந்திருந்தார்.

அதை முற்றத்தில் வைத்திருக்கும்போதுதான் யோங்தாவ் வந்து நின்றான். அப்பாவுக்கு மோசம் என்று அவனுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார் சித்தப்பா. வந்தவன் கண் முதலில் போனது பலகைமேல்.

"அக்கா, உன் கால்ல விழறேன்."

"விழு."

"எழுத்தச் செதுக்கி எடுத்துட்டுச் செய்யேன். சுரண்டிடு. நானே சுரண்டித் தரேன்."

"அவரு உள்ள கெடக்காரு. மொதல்ல அவரப் போய்ப் பாரு."

"பாக்கறேன். நீ இத—"

"யோங்தாவ், இந்தப் பெட்டிக்குள்ளதான நீ ஒளிஞ்சுக்குவ? உன்னக் காணோம்னு அம்மா கிணத்தெல்லாம் தேடுவா. நெல்லுக்குள்ள புதைஞ்சு தூங்கிட்டிருப்ப. எந்த எழுத்த இப்ப நீ சுரண்டப் போற?"

அவன் முகம் சிவந்தது. உள்ளே போனான். ரம்பத்தை அவள் எழுத்தின் நடுவிலேயே வைத்தாள். அரக்கு பொடிப்பொடியாக உதிர்ந்தது. பொன் கோடு ஒன்று நீளமாகத் துண்டோடு வந்தது. தலைப்பலகையில் கணுவே இல்லை. வேர் எந்தப் பக்கம் என்று கண்ணால் சொல்ல முடியாது. தொட்டியில் தண்ணீர் நிரப்பித் துண்டை மிதக்கவிட்டாள். இரண்டு மூன்று முறை அசைந்துவிட்டு ஒரு முனை கொஞ்சம் தாழ்ந்து நின்றது. கனமான முனை, வேர்ப்பக்கம். எடுத்துத் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். மறுபடியும் அதே முனைதான் தாழ்ந்தது. கரித்துண்டால் குறி வைத்தாள்.

புதுக் காலைக் குழியில் செருகிக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து யோங்தாவ் கத்தினான். "அக்கா!"

அந்தக் குரலே போதுமாயிருந்தது. பசையைத் தேட நேரமில்லை. ஆப்பு ஒன்றை வைத்து ஓர் அடி அடித்து நிறுத்தி, விளக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அப்பாவின் கண் திறந்தபடிதான் இருந்தது. ஆனால் பார்க்கவில்லை. கடைசியாக அவர் பார்த்த விளக்கு தலைகீழ்க் காலோடு நின்ற விளக்குதான். அதை யாராலும் மாற்ற முடியாது.

குளிப்பாட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சட்டைகளைப் போட்டு, முன்கூடத்தில் பலகையில் கிடத்தினார்கள். கால்மாட்டில் விளக்கை வைத்தாள். பொன்கோடு போட்ட கால் வாசலைப் பார்த்தபடி இருந்தது. ஊதுபத்தி வாங்கப் போய்த் திரும்பி வந்தபோது அது சுவரைப் பார்த்தபடி இருந்தது. திருப்பி வைத்தாள். சோறு வைக்கப் போய் வந்தால் மறுபடியும் சுவரைப் பார்த்தபடி. யோங்தாவ் மண்டியிட்டு, செத்தவரின் வழிச்செலவுக்கென்று தாள்காசு எரித்துக்கொண்டிருந்தான். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர்கள் இருவரும் பிணத்தின் காலடியில் அந்த விளக்கைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

வட்டார அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வண்டியோடு வந்தார்கள். மூன்று நாள் கிடத்துவதெல்லாம் இப்போது கிடையாது. அவர்களில் மூத்தவர் யோங்தாவின் தோளைத் தட்டினார். "உன் குடும்பம்தான் எல்லாத்துலயும் முன்னால" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். விளக்கைப் பார்த்து, "நல்லா இருக்கே, எங்க வாங்குனது?" என்றும் கேட்டார்.

குவெய்லான் வாயைத் திறப்பதற்குள் யோங்தாவ் சொன்னான்: "அக்கா கம்பெனியில செய்யறது."

அப்போது எழுத்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

தகனக்கூடம் மாவட்டத் தலைநகரின் ஓரத்தில், நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது. குவெய்லான் தன் துணிப்பையையும் எடுத்துக்கொண்டே வண்டியில் ஏறினாள். இனி அந்த வீட்டுக்குத் திரும்பும் எண்ணம் அவளுக்கு இல்லை. விளக்கு மடியில் இருந்தது. உள்ளே சாளரத்துக்குப் பின்னால் ஒரு பெண் பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்தாள்.

"அது என்ன?"

"விளக்கு. அப்பாகூட வைக்கணும்."

"துணி மட்டும்தான். கட்டை, கண்ணாடி, இரும்பு எதுவும் போகாது."

"ஒயரெல்லாம் எடுத்துட்டேங்க. பல்பும் இல்ல. வெறும் மரந்தான்."

"எல்லாரும் வெறும்னுதாம்மா சொல்றாங்க. போன வாரம் ஒருத்தன் வெறும் கைத்தடின்னான், உள்ள வெடிச்சுது. அடுத்த ஆளு."

குவெய்லான் யோங்தாவிடம் போனாள். "நீ ஒரு வார்த்தை சொல்லு. எல்லாரும் உன் ஆபீஸ் ஆளுங்கதான. அந்த மனுசன் உன் தோளத் தட்டிட்டுப் போனாரே, அவருகிட்டச் சொல்லு."

"இதுக்கு மேல என்கிட்ட எதையும் கேக்காதக்கா" என்றான். "கையெழுத்துப் போடணும்னு கூப்பிடறாங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனான். யாரும் கூப்பிட்டிருக்கவில்லை.

அப்பா சக்கரப் பலகையில் கிடந்தார். தள்ளுகிறவன் கதவைத் திறக்கப் போயிருந்தான். குவெய்லான் தரையில் உட்கார்ந்து, விளக்கை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, பசை வைக்காத அந்தக் காலைப் பிடித்து இழுத்தாள். ஆப்பு தெறித்து விழுந்தது. போர்வையைத் தூக்கி, கட்டையை அவர் விலாவோரம் செருகினாள். வேர்ப்பக்கம் தலைமாட்டுக்கு. பெட்டியில் அப்படித்தான் வரும். பொன்கோடு சட்டையைப் பார்த்தபடி இருந்தது. போர்வையை இழுத்து மூடி எழுந்தபோது தள்ளுகிறவன் வந்துவிட்டான். அவள் கையில் மூன்று கால் விளக்கைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். போர்வை மேட்டையும் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் தள்ளிக்கொண்டு போனான். அன்று அவள் கண்ட ஒரே இரக்கம் பெயர்கூடத் தெரியாத அந்த ஆளிடமிருந்துதான் வந்தது.

கல் பெட்டி கனமாக இருந்தது. மாடத்துக்குள் தள்ளும்போது கீறிக்கொண்டு போயிற்று. அளவு சரியாகவே இருந்தது.

பேருந்து நிறுத்தத்துக்கு யோங்தாவ் பின்னாலேயே வந்தான். பெஞ்சில் அவளுக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான். இரண்டு பேருக்கும் நடுவில் விளக்கு, தாள் கிழிந்து, ஒரு பக்கம் சாய்ந்தபடி. லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின.

"உள்ள வச்சுட்டியா?" என்றான் கடைசியில்.

"வச்சேன்."

"எழுத்து இருக்கற கால?"

"ஆமா."

அவன் முகத்தைக் கையால் துடைத்தான். மறுபடியும் துடைத்தான். "அப்ப இதுல எழுத்து இல்ல" என்றான். "நான் எடுத்துக்கட்டுமாக்கா? வீட்டுல வச்சுக்கறேன். கொழந்த கேட்டா தாத்தாதுன்னு சொல்லுவேன்."

குவெய்லானுக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது. கைகூட உயர்ந்தது. ஆனால் அவன் முகத்தில் அடிக்க இடமே இல்லாமல் இருந்தது, அழுது அழுது அவ்வளவு வீங்கிப்போயிருந்தது. தெற்கே போகும் பேருந்து வந்து நின்றது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "எடுத்துக்கோ" என்றும் சொல்லவில்லை, "கூடாது" என்றும் சொல்லவில்லை. விளக்கைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டு ஏறினாள்.

பின்பக்க ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பேருந்து நகர்ந்த பிறகும் யோங்தாவ் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தான். தலையைத் தூக்கி நெடுஞ்சாலையின் அந்தப் பக்கம் பார்த்தான். தகனக்கூடத்து வாசல் பக்கம் பார்த்தான். யாரும் இல்லை என்று நிச்சயமான பிறகுதான் கையை நீட்டி விளக்கை எடுத்தான்.